‘சாத்திப்போட்டானுங்க’ என்பதை ஆங்கிலத்தில் எழுதுவது எப்படி?

நாமக்கல், சங்ககிரிப் பக்கம் லாரி ஆபீசில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு முதல் மாதமே ஒரு வேலை வந்து விழும். டிரைவர் போனில் சொல்வதைக் கேட்டு, இன்சூரன்ஸ் கம்பெனிக்கு ஆங்கிலத்தில் அரைப் பக்கம் எழுதித் தர வேண்டும். திருப்பூரில் சேர்ந்தால் அதே வேலை வேறு வேஷத்தில் வரும்: அட்டைப்பெட்டி நசுங்கிப் போய் இறங்கியிருக்கிறது, பையருக்கு மெயில் போடு என்பார்கள். கோவையில் பம்ப் கம்பெனி என்றால் காஸ்டிங்கில் விரிசல். எங்கே ஆனாலும் ஒன்றின் மேல் ஒன்று பலமாகப் பட்டிருக்கிறது. எப்படிப் பட்டது, பட்டதால் என்ன ஆனது என்று எழுத வேண்டும். கை தன்பாட்டில் ‘ஹிட்’ என்று எழுதும். கொஞ்சம் பழகிய கை ‘டாஷ்ட் அகெய்ன்ஸ்ட்’ என்று எழுதும்.

ஹிட், ஸ்ட்ரைக், நாக், பேங், ஸ்லாம், கிராஷ், ஸ்மாஷ், ராம், கொலைட் என்று ஆங்கிலத்தில் இதற்கு ஒரு கூட்டமே இருக்கிறது. அகராதியைப் புரட்டினால் பாதிக்கு மேல் ‘மோது, அடி, தாக்கு’ என்றே போட்டிருக்கும். ஆகவே பட்டியலை மனப்பாடம் செய்யச் சொல்ல மாட்டேன். சில கேள்விகளை வரிசையாகக் கேட்டுக்கொண்டு போனால் ஒவ்வொரு கேள்விக்கும் நாலைந்து சொற்கள் கழன்று விழும், கடைசியில் ஒன்றிரண்டுதான் மிஞ்சும். பெரும்பாலும் லாரியை வைத்தே சொல்கிறேன். எனக்குப் பழக்கமான வேலை அது.

முதல் படி: டிரைவர் சொன்ன சொல்லை அப்படியே குறித்துக்கொள்ளுங்கள்

இந்த ஒரு படியைத் தாண்டிக் குதிப்பதால்தான் மற்ற எல்லாம் கெடுகிறது. நம்ம பக்கத்து டிரைவர்கள் ‘மோதியது’ என்று பேசுவதே இல்லை. ‘ஒரசிட்டான்’, ‘தட்டிட்டான்’, ‘இடிச்சுட்டான்’, ‘சாத்திப்போட்டான்’, ‘சொருகிட்டான்’, ‘ஏத்திட்டான்’ என்பார்கள். ஆறும் ஆறு வேறு சம்பவம். போனைக் கீழே வைத்து கம்ப்யூட்டர் முன்னால் உட்காருவதற்குள் இந்த ஆறையும் நாம் ‘மோதியது’ ஆக்கிவிடுகிறோம், அதற்குப் பிறகு எந்த அகராதியும் உதவாது. முதலில் துண்டுச் சீட்டில் அவர் வாய்ச்சொல்லையே எழுதுங்கள்.

ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

‘ஒரசிட்டான்’ என்றால் பக்கவாட்டில் தேய்த்துக்கொண்டு போனது. பெயின்ட் போயிருக்கும், தகடு உள்ளே போயிருக்காது. ஆங்கிலத்தில் ‘ஸ்கிரேப்’ அல்லது ‘கிரேஸ்’. துணி பட்டது போல மேலோட்டமாகப் பட்டிருந்தால் ‘பிரஷ்’. ஓடுகிற இரண்டு வண்டிகள் விலாவோடு விலா உரசினால் ‘சைட்ஸ்வைப்’ என்று தனிச் சொல்லே உண்டு. திம்பம் மலைப்பாதையில் 27 கொண்டை ஊசி வளைவு. அங்கே எதிரே வருகிற வண்டியின் கண்ணாடியை மட்டும் நம் பாடியின் மூலை பிடுங்கிக்கொண்டு போகும். ஓரத்தை மட்டும் தட்டிவிட்டுப் போகிற அதற்கு ‘கிளிப்’ என்று பெயர். ‘த லாரி கிளிப்ட் த மிரர்’ என்று ஐந்து சொல்லில் முடிந்துவிடும்.

‘தட்டிட்டான்’ கொஞ்சம் சிக்கலான ஆள். வண்டி வண்டியைத் தட்டினால் லேசான விஷயம்: ‘பம்ப்’, அதைவிட லேசு என்றால் ‘நட்ஜ்’. ஆளைத் தட்டிவிட்டால் கதை வேறு. ஆள் கீழே விழுந்திருக்கிறார் என்று அர்த்தம், ‘நாக்ட் டவுன்’ என்று எழுத வேண்டும். எதைத் தட்டினான் என்று கேட்காமல் எழுத ஆரம்பிக்காதீர்கள். (பம்ப் என்றதும் கோவைக்காரர்களுக்கு மோனோபிளாக் தண்ணீர் பம்ப் ஞாபகம் வரும். அது ‘பேப்பர்’ என்பதன் முதல் எழுத்தில் தொடங்குவது, இது ‘பஸ்’ என்பதன் முதல் எழுத்தில் தொடங்குகிற பம்ப். தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றாகத்தான் தெரியும், ஸ்பெல்லிங்கில் கோட்டை விடாதீர்கள். லாரி காரைத் தட்டுவதற்குப் பதில் தண்ணீர் இறைக்கும்.)

‘இடிச்சுட்டான்’ என்பதற்குச் சாதாரண ‘ஹிட்’ போதும். ‘ரன் இன்டு’ என்றும் எழுதலாம். இதில் பலம் நடுத்தரம், வேண்டுமென்று செய்ததாகவும் இல்லை.

‘சாத்திப்போட்டான்’ என்றால் வேகம் குறையாமல் வந்து அடித்திருக்கிறான். ‘ஸ்லாம்ட் இன்டு’, ‘கிராஷ்ட் இன்டு’ இரண்டும் இங்கேதான் வரும். எது என்பதை நான்காம் படியில் சொல்கிறேன்.

‘சொருகிட்டான்’ என்பதைக் கேட்டதும் நிமிர்ந்து உட்காருங்கள். பின்னால் வந்த கார் லாரியின் பாடிக்கு அடியில் போய் நுழைந்துகொண்டது என்று பொருள். இதை ‘ஹிட் ஃப்ரம் பிஹைண்ட்’ என்று எழுதினால் பாதி விஷயம் காணாமல் போகிறது. ‘வென்ட் அண்டர் த ரியர் ஆஃப் த லாரி’ என்று விளக்கமாக எழுதலாம். தொழில்முறையில் ‘அண்டர்ரன்’ என்பார்கள். லாரியின் பின்பக்கம் தாழ்வாகக் குறுக்கே ஒரு இரும்புச் சட்டம் இருக்கிறதே, அதன் பெயரே ‘ரியர் அண்டர்ரன் புரொடெக்‌ஷன் டிவைஸ்’தான். அது வண்டியில் இருந்ததா, வளைந்ததா, பிய்ந்ததா என்று அடுத்த கேள்வி வரும். டிரைவர் போனில் இருக்கும்போதே கேட்டுவிடுங்கள்.

‘ஏத்திட்டான்’ என்றால் டயர் மேலே ஏறியிருக்கிறது. ‘ரன் ஓவர்’. இதற்கும் ‘நாக்ட் டவுன்’ என்பதற்கும் நடுவில் ஒரு உயிர் இருக்கிறது. இரண்டையும் மாற்றி எழுதக் கூடாது.

இரண்டாம் படி: யார் ஓடிக்கொண்டிருந்தார், யார் நின்றுகொண்டிருந்தார்?

‘கொலைட்’, ‘கொலிஷன்’ இரண்டும் லத்தீனில் இருந்து வந்தவை. ‘ஒன்றோடொன்று’ என்ற பொருள் அதன் முன்னொட்டிலேயே இருக்கிறது. இரண்டு தரப்பும் நகர்ந்துகொண்டிருந்தால்தான் இந்தச் சொல்லைப் போட வேண்டும் என்பது பழைய கறார் விதி. அமெரிக்கப் பத்திரிகைக்காரர்கள் பின்பற்றும் ஏபி செய்தி நிறுவனத்தின் நடைக் கையேடு நெடுங்காலம் இதைச் சொல்லி வந்தது: ஓடுகிற ரயில் நிற்கிற ரயிலோடு ‘கொலைட்’ ஆக முடியாது என்று. இன்று நடைமுறையில் யாரும் அவ்வளவு பார்ப்பதில்லை, நின்ற லாரியோடும் ‘கொலைட்’ என்று எழுதுகிறார்கள். எழுதினால் பிழை என்று சொல்ல மாட்டேன். ஆனால் கிளெய்ம் எழுதுகிற நமக்குப் பழைய விதி நல்லது. நம் வண்டி ஓரமாக நின்றுகொண்டிருந்தது என்பதுதான் நமக்குச் சாதகமான ஒரே விஷயமாக இருக்கும்போது, ‘த டூ வெஹிகிள்ஸ் கொலைடட்’ என்று எழுதி இருவரையும் சமமாக ஓட விடுவானேன்? ‘த கார் ஹிட் த பார்க்ட் லாரி’ என்று எழுதினால் யார் நகர்ந்தார் என்பது பளிச்சென்று தெரிகிறது.

கப்பல் உலகத்தில் இந்தப் பிரிவினை இன்னும் உயிரோடு இருக்கிறது. ஓடுகிற கப்பல் அசையாத பொருளில் இடித்தால் அதற்கு ‘அலிஷன்’ என்று தனிச் சொல். 26.3.2024 அன்று பால்டிமோரில் டாலி என்ற கன்டெய்னர் கப்பல் ஃபிரான்சிஸ் ஸ்காட் கீ பாலத்தின் தூணில் இடித்துப் பாலமே சரிந்தது நினைவிருக்கும். பத்திரிகைகள் ‘கொலிஷன்’ என்று எழுதின; கடல்சார் சட்டம் பேசுகிறவர்கள் ‘அலிஷன்’ என்றார்கள். திருப்பூரில் எக்ஸ்போர்ட் டாக்குமென்ட் பார்க்கிறவர்கள் கப்பல் சரக்குக்கான மரைன் இன்சூரன்ஸ் பாலிசியில் இந்தச் சொல்லைக் கண்டால் அச்சுப்பிழை என்று திருத்திவிடாதீர்கள்.

எதிரெதிரே வந்தால் ‘ஹெட்-ஆன்’. பின்னால் வந்து இடித்தால் ‘ரியர்-எண்ட்’. இதை வினையாகவும் போடலாம், ‘த லாரி வாஸ் ரியர்-எண்டட்’. வரிசையாகப் பல வண்டிகள் என்றால் ‘பைல்-அப்’. மார்கழிப் பனியில் 544-ஆம் எண் நெடுஞ்சாலையில் இது தேவைப்படும்.

மூன்றாம் படி: வேண்டுமென்றா, தெரியாமலா?

சேலம், கோவைப் பதிப்பு ஆங்கிலப் பத்திரிகைகளில் ‘ராம்ட் இன்டு’ என்று தினமும் பார்க்கலாம். ‘ராம்’ என்பது ஆட்டுக் கிடா. தலையைத் தாழ்த்தி, குறிபார்த்து, நேர் முன்னால் வந்து முட்டுவது அந்தச் சொல்லின் ரத்தத்தில் இருக்கிறது. தெரியாமல் இடித்ததற்கும் அதை எழுதுவது உண்டுதான். ஆனாலும் வெளிநாட்டுக்காரர் ஒருவர் ‘ஹி ராம்ட் அவர் கேட்’ என்று படித்தால், ஏதோ பகையில் வேண்டுமென்றே வந்து இடித்திருக்கிறான் என்றே முதலில் எடுத்துக்கொள்வார். பத்திரிகைக்கு அது சூடான தலைப்பு. கிளெய்ம் தாளில் அது தேவையில்லாத குற்றச்சாட்டு. நம் டிரைவர் செய்ததைப் பற்றி நாமே எழுதும்போது இந்தச் சொல் வரவே கூடாது.

‘ப்ளவ் இன்டு’ என்று ஒன்று. ப்ளவ் என்றால் ஏர். பட்டதும் நிற்காமல் உழுதுகொண்டே உள்ளே போவது. டீக்கடைக்குள் லாரி நுழைந்தால், நின்றுகொண்டிருந்த பைக் வரிசையை வாரிக்கொண்டு போனால் இந்தச் சொல் கச்சிதம். ஒற்றைக் கம்பத்தில் இடித்து நின்ற வண்டிக்குப் பொருந்தாது.

‘ஆக்ஸிடென்ட்’, ‘கிராஷ்’ இரண்டுக்கும் நடுவிலும் ஒரு வழக்கு நடந்துகொண்டிருக்கிறது. ‘ஆக்ஸிடென்ட்’ என்றால் யாரும் எதிர்பார்க்காமல், யார் மேலும் தப்பில்லாமல் நடந்தது போன்ற வாசனை அடிக்கிறது. பெரும்பாலான சாலை விபத்துகள் தடுக்கக் கூடியவை என்பதால் அந்தச் சொல் வேண்டாம் என்று பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் 2001-ல் தன் பக்கங்களில் அதைத் தடை செய்தது. நியாயமான பேச்சு. நம் ஊரில் இன்சூரன்ஸ் படிவத்தில் அச்சடித்தே இருப்பது ‘ஆக்ஸிடென்ட்’. படிவத்தோடு சண்டை போடாதீர்கள், அப்படியே நிரப்புங்கள்.

இந்தப் படியில் முக்கியமான சொல் ‘ஹிட் அண்ட் ரன்’. பேச்சுவழக்கில் இடித்துவிட்டு ஓடிப்போன எல்லாவற்றையும் அப்படிச் சொல்கிறோம். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 161-ஆம் பிரிவுக்கு அது போதாது. நியாயமான முயற்சி எடுத்தும் இடித்த வண்டி எதுவென்று கண்டுபிடிக்க முடியாமல் போனால்தான் அங்கே ‘ஹிட் அண்ட் ரன்’. அதற்கென்று தனி இழப்பீட்டுத் திட்டம் இருக்கிறது: இறந்தவர் குடும்பத்துக்கு 2 லட்சம் ரூபாய், கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாய், 1.4.2022 முதல் இந்தத் தொகை. ஆகவே ஓடிப்போன வண்டியின் நம்பரை யாராவது பார்த்திருந்தால் அது சட்டப்படி வேறு பாதை. நம்பர் கையில் இருக்கும்போது ‘ஹிட் அண்ட் ரன்’ என்று எழுதினால், ஒரு வரி நம்பரைச் சொல்லும், அடுத்த வரி வண்டியே தெரியாது என்று சொல்லும். ‘த டிரைவர் டிட் நாட் ஸ்டாப்’ என்று எழுதுங்கள், அது போதும்.

2024 ஜனவரியில் லாரிகள் நின்றதை நாமக்கல்லில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 106(2) உட்பிரிவை எதிர்த்து நாட்டின் பல மாநிலங்களில் டிரைவர்கள் வண்டியை நிறுத்தினார்கள். ஆளைக் கொன்ற விபத்துக்குப் பிறகு தகவல் சொல்லாமல் தப்பிப் போனால் 10 ஆண்டு வரை சிறை என்கிற பிரிவு அது. எல்லோரும் அதை ‘ஹிட் அண்ட் ரன் சட்டம்’ என்றே பேசினார்கள். 1.7.2024 அன்று புதிய சட்டம் அமலுக்கு வந்தபோது அந்த உட்பிரிவை மட்டும் நிறுத்திவைத்தார்கள். ஒரே பெயர், இரண்டு சட்டங்களில் இரண்டு விஷயம்: ஒன்று வண்டி தெரியாதது, மற்றொன்று டிரைவர் சொல்லாமல் போனது. எழுதுகிறவர் குழம்பக் கூடாத இடம் இது.

நான்காம் படி: எவ்வளவு பலம், என்ன சத்தம்?

நாம் சத்தத்தைத் தனியாக ஒட்டுவோம். ‘டம்முனு இடிச்சான்’, ‘படார்னு சாத்துனான்’, ‘தொப்புனு விழுந்துச்சு’ என்று வினை ஒரு பக்கம், சத்தம் ஒரு பக்கம் இருக்கும். ஆங்கிலக்காரர் அந்த ‘டம்’மையும் ‘படா’ரையும் வினைக்குள்ளேயே போட்டு அடைத்துவிட்டார். ஆகவே டிரைவர் வாயிலிருந்து வருகிற அந்த ஒலிக்குறிப்பை வீண்பேச்சு என்று விட்டுவிடாதீர்கள்; சொல்லைப் பொறுக்க அதுதான் வழிகாட்டி.

ஒரே ஒரு கதவை எடுத்துக்கொள்ளுங்கள். விரல் நுனியால் தட்டினால் ‘டாப்’. முட்டியால் டொக் டொக் என்றால் ‘நாக்’. அதே முட்டியால் வேகமாகவும் கறாராகவும் தட்டினால் ‘ராப்’. உள்ளங்கையாலோ கைமுஷ்டியாலோ தடதடவென்று தட்டினால் ‘பேங்’. வட்டிக்காரர் மாதிரி விடாமல் இடித்துக்கொண்டே இருந்தால் ‘பவுண்ட்’. உள்ளே இருப்பவர் கோபத்தில் படாரென்று சாத்தினால் ‘ஸ்லாம்’. இதில் ‘ஸ்லாம்’ மட்டும் தட்டுவது கிடையாது, மூடுவது. ‘ஐ ஸ்லாம்ட் ஆன் த டோர்’ என்று யாரும் எழுத மாட்டார்கள்.

இதை அப்படியே சாலைக்குக் கொண்டு வாருங்கள். ‘பம்ப்’ என்றால் டொம்மென்று ஒரு குலுக்கல், சேதம் இருந்தாலும் இல்லாவிட்டாலும். ‘நாக்’ என்றால் பட்ட பொருள் இடம் மாறியிருக்க வேண்டும், விழுந்தோ நகர்ந்தோ. ‘பேங்’கில் சத்தம்தான் தலைவர், பலம் தொண்டர். ‘ஸ்லாம் இன்டு’ என்றால் முழு வேகத்தோடு சட்டென்று போய்ப் பட்டு நின்றது. ‘கிராஷ்’ வந்தால் சத்தமும் சேதமும் சேர்ந்தே வர வேண்டும். சேதமில்லாத கிராஷ் கிடையாது. ‘ஸ்மாஷ்’ என்றால் ஏதோ ஒன்று துண்டுதுண்டாகியிருக்கிறது.

கனமான பொருள் மண்ணில் விழுகிற மொத்தைச் சத்தம் ‘தட்’. பொள்ளாச்சித் தோப்பில் தேங்காய் விழுகிற ‘தொப்’ அதுதான். இரும்பும் இரும்பும் பட்டு நீண்டு ஒலித்தால் ‘கிளாங்’. ‘கிளாஷ்’ என்பது ஜால்ரா இரண்டும் அடித்துக்கொள்கிற மாதிரி ஓசை. இன்று அதைக் கட்சிக்காரர் மோதலுக்கும், ஒரே நாளில் இரண்டு கல்யாணம் வந்து மாட்டிக்கொள்வதற்கும்தான் அதிகம் சொல்கிறார்கள். வண்டிக்கு வேண்டாம்.

‘ஸ்ட்ரைக்’ என்பது ‘ஹிட்’டின் வேட்டி கட்டிய வடிவம். பொருள் கிட்டத்தட்ட ஒன்று, இடம் வேறு. சேதத்தை மதிப்பிட வருகிற இன்சூரன்ஸ் சர்வேயரின் ரிப்போர்ட், கோர்ட்டு, செய்தி இவற்றில் ‘த லாரி ஸ்ட்ரக் எ பில்லர்’ என்று வரும். மின்னல், கடிகாரம் இரண்டுக்கும் ‘ஸ்ட்ரைக்’தான். மில் ஸ்ட்ரைக்கைப் பார்த்து வளர்ந்த கோவைக்காரர்களுக்காக ஒரு துணுக்கு: வேலைநிறுத்தத்துக்கு அந்தப் பெயர் 1768-ல் லண்டன் துறைமுகத்தில் மாலுமிகள் பாயை இறக்கிவைத்துக் கப்பலை நகரவிடாமல் செய்ததில் இருந்து வந்தது. பாயை இறக்குவதும் ‘ஸ்ட்ரைக்’தான். அடிதடிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

ஐந்தாம் படி: ஒரு தடவையா, பல தடவையா?

‘ஹிட்’ ஒரு அடி. ‘பீட்’ தொடர்ந்து விழுகிற அடி. போலீஸ் புகார் எழுதும்போது இது கனக்கும்: ‘ஹி ஹிட் மீ’ என்றால் ஒன்று, ‘ஹி பீட் மீ’ என்றால் வெளுத்து வாங்கினான். அதுவும் சூழ்நிலை தெரியாதவர் படித்தால், கேரம் விளையாட்டில் உன்னைத் தோற்கடித்தானா என்று கேட்பார். ‘பீட் மீ அப்’ என்று கடைசியில் ‘அப்’ சேர்த்தால் சந்தேகமே இருக்காது. கன்னத்தில் உள்ளங்கையால் என்றால் ‘ஸ்லாப்’, முஷ்டியால் என்றால் ‘பஞ்ச்’. எதனால் அடித்தான் என்று கேட்டு எழுதுங்கள். போரடிப்பதற்கான ‘த்ரெஷ்’ என்ற சொல்லின் இன்னொரு உருவம்தான் ‘த்ராஷ்’. சாத்து சாத்தென்று சாத்துவது.

நம் வட்டாரத் தொழில்களில் இந்தச் சொற்கள் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கின்றன, பொருள் மட்டும் வேறு. சோமனூர், பல்லடம் விசைத்தறிக்காரருக்கு ‘பீட்-அப்’ என்றால் யாரையும் அடிப்பதில்லை. ஊடை நூலை ரீடு என்கிற சீப்பு மாதிரிச் சட்டம் முன்னால் தள்ளி, நெய்த துணியோடு சேர்த்து அடிக்கிறதே, அது. பாவைப் பிரிப்பது, ஊடையைப் போடுவது, அடித்துச் சேர்ப்பது என்ற நெசவின் மூன்று முதன்மை அசைவுகளில் மூன்றாவது. போர்வெல் போடுகிற திருச்செங்கோட்டு ரிக் வண்டியில் ‘ஹாம்மர்’ என்றால் குழிக்குள்ளேயே இறங்கி, காற்றழுத்தத்தில் பிஸ்டன் துளையிடுகிற பிட்டின் தலையில் விடாமல் அடிக்கிற கருவி. கோவை ஃபவுண்டரியில் ‘நாக்-அவுட்’ என்றால் மணல் அச்சை உடைத்து வார்ப்பை வெளியே எடுப்பது, குத்துச்சண்டை இல்லை. மெஷினரி இறக்குமதி இன்வாய்ஸில் ‘நாக்ட்-டவுன் கண்டிஷன்’ என்று பார்த்துவிட்டு, சரக்கு அடிபட்டு வந்திருக்கிறது என்று பயந்து போன் போடுகிற புதுப் பையன்கள் ஒவ்வொரு வருஷமும் உண்டு. பாகம் பாகமாகக் கழற்றி அனுப்பியிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

ஆறாம் படி: பட்ட பிறகு என்ன ஆச்சு?

அடியைப் பற்றி ஒரு சொல், சேதத்தைப் பற்றி ஒரு சொல், இரண்டும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போக வேண்டும். ‘பம்ப்’ என்று எழுதிவிட்டு ‘கம்ப்ளீட்லி கிரஷ்ட்’ என்று எழுதினால் படிக்கிறவர் புருவத்தை உயர்த்துவார்.

தகடு குழிந்தால் ‘டென்ட்’. காகிதம் போல மடங்கிச் சுருங்கினால் ‘கிரம்பிள்’. இரண்டு பக்கமும் அழுத்தம் வந்து நசுங்கினால் ‘கிரஷ்’. கல் கிரஷர் ஞாபகம் வந்தால் போதும், மறக்காது. பழம், அட்டைப்பெட்டி மாதிரி மெத்தென்ற பொருள் நசுங்கினால் ‘ஸ்க்வாஷ்’ என்றும் சொல்லலாம், ஆனால் ஆபீஸ் கடிதத்துக்கு ‘கிரஷ்’ஷே மரியாதை. கிராஷ், கிரஷ், கிளாஷ் மூன்றையும் ஒன்றுக்கொன்று மாற்றி டைப் அடித்துவிட்டால் ஸ்பெல்-செக் காட்டிக்கொடுக்காது, எல்லாமே சரியான சொற்கள்.

கண்ணாடியில்தான் அதிகம் தடுமாறுகிறார்கள். முன்கண்ணாடி லாமினேட் செய்தது. நடுவில் பிளாஸ்டிக் படலம் இருப்பதால் சிலந்திவலை மாதிரி விரிசல் விட்டாலும் இடத்திலேயே நிற்கும். அதற்கு ‘கிராக்ட்’. கதவுக் கண்ணாடி டெம்பர் செய்தது. உடைந்தால் கல்கண்டு போலப் பொலபொலவென்று கொட்டிவிடும். அதற்கு ‘ஷாட்டர்ட்’. முன்கண்ணாடி ‘ஷாட்டர்ட்’ என்று எழுதி, போட்டோவில் அது விரிசலோடு முழுசாக நின்றால் கேள்வி வரும். ‘புரோக்கன்’ என்று பொதுவாக எழுதித் தப்பிக்கலாம், ஆனால் போட்டோ கையில் இருக்கும்போது எதற்குத் தப்பிக்க வேண்டும்?

ஏழாம் படி: நம்மூர் ஆங்கிலத்தை இனம் கண்டுகொள்ளுங்கள்

‘டாஷ்ட் அகெய்ன்ஸ்ட்’ நம் நாட்டு எஃப்ஐஆரிலும் தீர்ப்பிலும் நிலைத்துவிட்ட சொல். உள்ளூர் கோர்ட்டில் அதை எழுதினால் ஒரு குறையும் இல்லை, அங்கே அதுதான் பாஷை. ஹாம்பர்க்கில் இருக்கிற பையருக்கு ‘டாஷ்’ என்றால் விடுவிடுவென்று ஓடுவது. அலை பாறையில் மோதுவதற்குக் கவிதையில் போடுவார்கள். லாரி கவிழ்ந்ததற்கு நாம் எழுதுகிற ‘டர்ன்ட் டர்ட்டில்’ கப்பல்காரர்களிடமிருந்து வந்தது, மல்லாந்த ஆமை. ‘ஓவர்டர்ன்ட்’ என்று எழுதுங்கள். ‘காப்ஸைஸ்ட்’ என்பது படகுக்கு. லாரிக்கு எழுதினால் பவானி ஆற்றில் விழுந்துவிட்டதா என்று கேட்பார்கள்.

பின்னால் வருகிற சின்னச் சொற்களும் ஆளைக் கவிழ்க்கும். ‘ஹிட் ஆன் ஹெர்’ என்றால் அடிப்பது கிடையாது, வழிவது. ‘நாக் அப்’ என்பதை அகராதியில் தனியாகப் பார்த்துக்கொள்ளுங்கள், ஆபீசில் உரக்கக் கேட்க வேண்டாம். ‘பம்ப் இன்டு’ என்றால் இடிப்பதும் உண்டு, எதேச்சையாகச் சந்திப்பதும் உண்டு.

இறந்தகாலம்: ‘ஹிட்’ எப்போதும் ‘ஹிட்’தான், ‘ஹிட்டட்’ கிடையாது. ‘ஸ்ட்ரைக்’ போய் ‘ஸ்ட்ரக்’. ‘பீட்’ அப்படியே இருந்து மூன்றாம் வடிவத்தில் ‘பீட்டன்’ ஆகும். கிரிக்கெட்டில் ‘பீட்டன்’ என்றால் பந்து மட்டையில் படவே இல்லை என்பது ஒரு வேடிக்கை.

எட்டாம் படி: இப்போது எழுதுங்கள்

ஒரு கற்பனைச் சம்பவம். டிரைவர் சொல்கிறார்: “டோல்ல வரிசைல நின்னுட்டிருந்தனுங்க. பொறகால வந்த டெம்போக்காரன் பிரேக்கே புடிக்காம படார்னு சாத்திப்போட்டானுங்க. நம்ம வண்டி தள்ளிட்டுப் போயி முன்னால நின்ன காரை லேசா தட்டிருச்சுங்க. டெய்ல் லைட்டு போச்சு, பம்பர் உள்ள போயிருச்சுங்க.”

கேள்விகளைப் போட்டுப் பாருங்கள். நம் வண்டி நின்றது, டெம்போ ஓடியது, ‘கொலைட்’ வேண்டாம். வேண்டுமென்று செய்ததாகத் தெரியவில்லை, ‘ராம்’ வேண்டாம். ‘படார்’ என்கிறார், வேகம் குறையவில்லை. ‘ஸ்லாம்ட் இன்டு’ தாங்கும். அவர் ‘பிரேக் பிடிக்காமல்’ என்றது அவருடைய ஊகம், பின்னால் நடந்ததை அவர் பார்த்திருக்க முடியாது; அதை எழுத வேண்டாம். கார் விஷயம் ‘லேசா’, ‘பம்ப்ட்’.

‘த லாரி வாஸ் ஸ்டேஷனரி இன் த டோல் க்யூ. எ டெம்போ ஸ்லாம்ட் இன்டு இட் ஃப்ரம் பிஹைண்ட். த இம்பாக்ட் புஷ்ட் த லாரி ஃபார்வர்ட் அண்ட் இட் பம்ப்ட் த கார் இன் ஃப்ரன்ட். த ரியர் பம்பர் இஸ் டென்டட் அண்ட் எ டெய்ல் லாம்ப் இஸ் புரோக்கன்.’

நான்கு வாக்கியம். ‘ஸ்லாம்ட் இன்டு’ சூடாக இருக்கிறது என்று பட்டால் ‘ஹிட்’ என்று தணித்துக்கொள்ளுங்கள். சேதம் டென்ட் அளவுதான் என்பதால் நானாக இருந்தால் ‘ஹிட் இட் ஹார்ட்’ என்று நடுவில் நிற்பேன். ‘இம்பாக்ட்’டைப் பெயர்ச்சொல்லாக மட்டும் வையுங்கள், வினையாக எழுதினால் முகம் சுளிக்கிற ஆங்கிலக்காரர்கள் இன்னும் இருக்கிறார்கள். சர்வேயர் ‘பாயின்ட் ஆஃப் இம்பாக்ட்’ எது என்று கேட்டால் முதலில் பட்ட இடத்தைக் கேட்கிறார், அதிகம் நசுங்கிய இடத்தை இல்லை.

அனுப்புவதற்கு முன்னால் டிரைவருக்குத் திரும்பப் போன் போட்டு, எழுதியதை நம்ம பேச்சில் சொல்லிக் காட்டுங்கள். “நீங்க நின்னுட்டிருந்தீங்க, அவன் பொறகால வந்து இடிச்சான், நம்ம வண்டி போயி காரைத் தட்டுச்சு. செரிங்களாண்ணா?” என்று. “அட, நின்னுட்டில்லீங்க, மெதுவா உருட்டிட்டிருந்தனுங்க” என்று அப்போதுதான் சொல்வார். ‘ஸ்டேஷனரி’யை அடித்துவிட்டு ‘மூவிங் ஸ்லோலி’ என்று மாற்றுங்கள். பிறகு வண்டி நம்பர், தேதி, நேரம் மூன்றையும் இன்னொரு தடவை சரிபார்த்து மெயிலைத் தட்டிவிடலாம்.